சிங் வம்ச வீழ்ச்சி பத்தி எழுதுறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள், நான் பண்ணினதையும் சேர்த்து

போன வாரம் 14 ஆன்சர் ஷீட் திருத்தினேன். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், சீனாவை ஆண்ட கடைசி அரச வம்சமான, மஞ்சு இனத்தைச் சேர்ந்த சிங் வம்சம் ஏன் விழுந்துச்சு. அதுல 9 பேர் எழுதினது நான் படிக்கிற காலத்துல எழுதின அதே பதில், அதே ஓட்டைகளோட. கோபம் வரல, கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு, ஏன்னு கீழ சொல்றேன்.

"குயிங்"னு எழுதுறது, முதல் பேரரசரோட சின் வம்சத்தையும் இந்த சிங் வம்சத்தையும் குழப்பிக்கிறது, இதெல்லாம் ஒரு தடவை சொன்னா திருந்திடும். அதனால விட்டுடறேன்.

எல்லாத்தையும் அபின் தலையில கட்டுறது

1839-ல சிங் அரசவை அனுப்பின அதிகாரி லின் ஸெஷு, குவாங்ஜோ பக்கத்துல ஹூமன்ல பிரிட்டிஷ் வியாபாரிங்க கொண்டு வந்த அபினை 20,000 பெட்டிக்கு மேல அழிச்சாரு, பிரிட்டன் போருக்கு வந்துச்சு, 1842-ல நான்ஜிங் உடன்படிக்கை. இதுவரைக்கும் எல்லாரும் கரெக்டா எழுதுறீங்க. அப்புறம் ரெண்டு பக்கத்துக்கு அபினோட தீமை வந்துடுது, என்னமோ மதுவிலக்கு மாநாட்டுல பேசுற மாதிரி. நீங்க பார்க்க வேண்டியது உடன்படிக்கையோட ஷரத்துகளை. குவாங்ஜோ, ஷியாமென், ஃபுஜோ, நிங்போ, ஷாங்காய்னு 5 துறைமுகம் திறந்துச்சு, ஹாங்காங் தீவு போச்சு, இது எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷமே சுங்க வரியை சுமாரா 5 சதவீதத்துல கட்டிப் போட்டாங்க, தப்பு பண்ற வெள்ளைக்காரனை சீன கோர்ட் விசாரிக்க முடியாதுன்னு ஆக்கினாங்க, வேற எந்த நாட்டுக்கு என்ன சலுகை குடுத்தாலும் அது தானா பிரிட்டனுக்கும் உண்டுன்னு எழுதி வாங்கினாங்க. சொந்த நாட்டு எல்லையில வர்ற சரக்குக்கு வரியை ஏத்தக்கூட அடுத்தவன் சம்மதம் வேணும்னு ஆன ஒரு அரசு, அடுத்த 70 வருஷம் எங்கிருந்து காசு புரட்டுச்சுங்கறதுதான் கதையே.

ஒரு சின்ன விஷயம், கேட்கிறவங்க கம்மி. அபின் பீகார்லயும் மால்வாலயும் விளைஞ்சதுன்னு தெரியும், ஆனா அந்தப் போர்ல சண்டை போட்டவங்கள்ல நம்ம மெட்ராஸ் சிப்பாய்களும் உண்டு. 1841 மே மாசம் குவாங்ஜோ பக்கத்துல சான்யுவான்லில கிராமத்து ஜனங்க சுத்தி வளைச்சது 37-வது மெட்ராஸ் காலாட்படையோட ஒரு கம்பெனியைத்தான், கொட்டுற மழையில துப்பாக்கி நனைஞ்சு சுட முடியாம மாட்டிக்கிட்டாங்க.

தைப்பிங்கை ஒரு வரியில முடிக்கிறது

1850-லிருந்து 1864 வரைக்கும் சிங் ஆட்சியை எதிர்த்து நடந்த கலகம், செத்தவங்க 2 கோடிக்கு மேலன்னு பொதுவா மதிப்பிடுறாங்க. இதை "உள்நாட்டுக் குழப்பங்களும் ஏற்பட்டன"ன்னு முடிச்சா நான் மார்க் போட மாட்டேன். அரசவையோட சொந்தப் படையால அடக்க முடியல, ஹூனான் மாகாணத்துல ஸெங் குவோஃபான், அன்ஹுய் மாகாணத்துல லி ஹோங்ஜாங்னு ரெண்டு அதிகாரிங்க அவங்கவங்க ஊர்ல ஆள் திரட்டி, வழியில போற சரக்குக்கெல்லாம் லிஜின்னு ஒரு வரி போட்டு, அந்தக் காசுல படை நடத்தித்தான் அடக்கினாங்க. படையும் வரியும் மாகாணத்துக்கு நகர்ந்த இடம் இது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, 1911-ல திரும்ப வரும்.

ஜப்பானையும் சீனாவையும் பக்கத்துல பக்கத்துல டேபிள் போடுறது

போடாதீங்க.

ஸிஷி அம்மாவை வில்லி ஆக்குறது

அரசவையைக் கையில வச்சிருந்த பேரரசித் தாய் ஸிஷி, கடற்படைக் காசுல பளிங்குக் கப்பல் கட்டினா, அதனால ஜப்பான்கிட்ட தோத்தாங்கன்னு ஒரு கதை. அந்தக் கப்பல் நிக்கிற கோடை அரண்மனைக்குக் கடற்படைப் பணம் போனது நிஜம்தான். ஆனா அந்தப் பளிங்குக் கப்பல் 1755-லயே சியான்லாங் பேரரசர் கட்டினது, இவங்க மராமத்துதான் பண்ணினாங்க. அதை விட, 1894-ல ஜப்பானோட மோதினது பெரும்பாலும் லி ஹோங்ஜாங்கோட பெய்யாங் (வடக்கு) கப்பல்படை மட்டும்தான், தெற்கத்திய கப்பல்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்னுச்சு. மேல சொன்ன மாகாணப் பிரச்சினைதான் இதுவும்.

1898-லிருந்து 1911-க்கு ஒரே தாவா தாவுறது

இப்போ வெட்கக் கதைக்கு வரேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு நூலகக் கூட்டத்துல இதே தலைப்புல பேசினேன். குவாங்ஷு பேரரசர் 1898 ஜூன் 11 முதல் செப்டம்பர் 21 வரைக்கும் சீர்திருத்தவாதி காங் யூவேயை வச்சுக்கிட்டு சீர்திருத்த ஆணை மேல ஆணையா போட்டாரு, ஸிஷி அவரைப் பிடிச்சு தீவு அரண்மனையில அடைச்சாங்க, சீர்திருத்தக்காரங்க 6 பேர் தலை போச்சு, சீர்திருத்தம் செத்துச்சு, 1911-ல வம்சமும் செத்துச்சுன்னு உருக்கமா முடிச்சேன். கைதட்டல்லாம் வந்துச்சு. கடைசி வரிசையில ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, அந்தப் பதிமூணு வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"ன்னு கேட்டாரு. நான் ஏதோ உளறினேன். "சும்மாவே உக்காந்திருந்தாங்களா?"ன்னு மறுபடி கேட்டாரு பாருங்க, இன்னைக்கும் ராத்திரி தூக்கம் வராதப்ப அந்தக் குரல்தான் ஞாபகத்துக்கு வருது.

சும்மா உக்காரல. வெளிநாட்டுக்காரங்களை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகத்துல, வெளிநாட்டுப் படைங்ககிட்ட அடி வாங்கி ஷியான் நகரத்துக்கு ஓடிப்போன அதே ஸிஷிதான் 1901 ஜனவரியில "புதிய கொள்கைகள்"னு ஆரம்பிச்சு வச்சாங்க, 1898-ல நிறுத்தினதை விட ரொம்பப் பெருசா. 1905-ல ஆயிரம் வருஷத்துக்கு மேல ஓடின அரசுத் தேர்வு முறையையே எடுத்துட்டாங்க. புதுப் பள்ளிக்கூடம், ஜெர்மன் ஜப்பான் பாணியில புதிய ராணுவம், 1908-ல அரசியலமைப்புக்கு 9 வருஷத் திட்டம், 1909-ல மாகாண சபைத் தேர்தல். இவ்வளவும் நடந்துச்சு.

இதுக்கெல்லாம் காசு? இங்கதான் ஏகாதிபத்தியமும் சீர்திருத்தமும் ஒண்ணா முடிச்சு விழுது, இதை நீங்க தனித்தனி பத்தியா எழுதுறதுதான் எனக்கு எரிச்சல். ஜப்பானுக்கு 1895-ல போர் நஷ்டஈடா 20 கோடி டேல் வெள்ளி, லியாவோடோங் தீபகற்பத்தை திருப்பி வாங்க இன்னொரு 3 கோடி, அப்போ மத்திய அரசோட வருஷ வருமானமே 10 கோடிக்குக் கீழ. அந்தக் கடன் தீர்றதுக்குள்ள 1901-ல பாக்ஸர் நஷ்டஈடு 45 கோடி டேல், 4 சதவீத வட்டி, 39 வருஷத் தவணை, எல்லாம் சேர்த்தா 98 கோடி கிட்ட. சுங்க வருமானமும் உப்பு வருமானமும் அடமானத்துல போயிடுச்சு. அப்போ பள்ளிக்கூடத்துக்கும் போலீசுக்கும் எவன் தலையில கை வைப்பான்? கிராமத்தான் தலையில. புது வரி மேல புது வரி, ஜனங்க கடுப்பாகி அந்தப் புதுப் பள்ளிக்கூடத்தையே போய் இடிச்சாங்க. சீர்திருத்தம்னா நல்லதுதானே, அப்புறம் ஏன் அடிக்கிறாங்கன்னு கேட்கிற பையன் அந்த வரி ரசீதைப் பார்க்கல.

அடுத்தது, ஒவ்வொரு சீர்திருத்தமும் அரசவைக்கு எதிரா ஒரு ஆளை உருவாக்கி விட்டுச்சு. தேர்வு போனதும் படிச்சவனுக்கு அரசவை மேல இருந்த பிடிப்பு போச்சு. மாகாண சபை உறுப்பினருங்க 1910-ல மூணு தடவை மனு குடுத்து பார்லிமெண்ட்டைச் சீக்கிரம் கூட்டுங்கன்னு கேட்டாங்க. அரசவை 1911 மே மாசம் குடுத்ததோ 13 பேர் கேபினெட், அதுல நாட்டோட பெரும்பான்மை இனமான ஹான் சீனர் 4 பேர்தான், மத்தவங்கள்ல நிறைய பேர் அரச குடும்பம். அதே மாசம் ரயில்வேயை தேசியமயமாக்கினாங்க, கையோட வெளிநாட்டு வங்கிகள்கிட்ட கடனும் வாங்கினாங்க.

சிச்சுவான்ல ரயில் கம்பெனி ஷேர் காசு நிலக் குத்தகையோட சேர்த்து வசூல் ஆனது, அதனால சாதாரண நிலக்காரன் கூட பங்குதாரன். அந்தக் கம்பெனி 1910-ல ஷாங்காய் ரப்பர் ஷேர் சரிவுல கிட்டத்தட்ட 30 லட்சம் டேலை விட்டுடுச்சு (எந்த ரப்பர்னு நினைக்கிறீங்க, நம்ம ஆளுங்க மலாயாவுல பால் வெட்டின அந்த மாதிரி தோட்டங்களோட ஷேர்தான்). அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மாட்டோம்னு பெய்ஜிங் சொல்லிச்சு. கடையடைப்பு, வரி மறுப்பு, செப்டம்பர் 7 செங்டுல துப்பாக்கிச் சூடு. அடக்குறதுக்காக அரசவை அதிகாரி துவான்ஃபாங், ஹூபே மாகாணத்துல இருந்த புதிய ராணுவத்துல ஒரு பகுதியைக் கூட்டிட்டுப் போனாரு. இந்தப் பக்கம் மிச்சம் இருந்த புதிய ராணுவம் அக்டோபர் 10 ஹூபேயோட தலைநகரான வூசாங்ல எழுந்துச்சு. அரசவை தன் காசுல, தன் சீர்திருத்தத்துல உருவாக்கின ராணுவம். அப்புறம் மாகாணம் மாகாணமா பிரிஞ்சப்போ பல இடத்துல முன்னாடி நின்னது அதே மாகாண சபைத் தலைவருங்க.

அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் என் நோட்ஸை முழுசா மாத்தி எழுதினேன். ஆனா பழைய நோட்ஸ் ஜெராக்ஸ் ஆகி ஊர் பூரா சுத்துது. "சீர்திருத்தம் செய்ய மறுத்ததால் சிங் வம்சம் வீழ்ந்தது", இந்த 14 பேர்ல 4 பேர் இதை வார்த்தை மாறாம எழுதியிருக்காங்க. என் வரிதான். நானே சிவப்புப் பேனாவால அடிச்சேன். அதுல ஒருத்தன் வந்து "சார், இது ஒரு நல்ல நோட்ஸ்ல இருந்துச்சு"ன்னு என்கிட்டயே வாதாடுறான்.

டேலை நாணயம்னு எழுதுறது

எடை அது. சுமாரா 37 கிராம் வெள்ளி.

வூசாங் எழுச்சியை சுன் யாட்-சென் நடத்தினார்னு எழுதுறது

புரட்சித் தலைவரான அவர் அப்போ அமெரிக்காவுல டென்வர்ல இருந்தாரு, பேப்பர் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. வூசாங்ல ஆரம்பிச்சதே ஒரு விபத்து, முந்தின நாள் பக்கத்துல ஹாங்கோவுல புரட்சிக்காரங்க குண்டு செய்யுறப்போ தவறி வெடிச்சு, அவங்க உறுப்பினர் பட்டியல் போலீஸ் கையில சிக்கி, பேர் இருந்த சிப்பாய்ங்க இனி எப்படியும் சாவுதான்னு துப்பாக்கியை எடுத்தாங்க. தலைமைக்கு ஆள் இல்லாம லி யுவான்ஹோங்னு ஒரு அதிகாரியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கிட்டத்தட்ட துப்பாக்கி முனையில உக்கார வச்சாங்க. அந்த மனுஷன் முதல்ல வேண்டவே வேண்டாம்னுதான் சொன்னாரு.