சுகர் மாத்திரை மட்டும் போதும் என்பவர்களுக்கு

"கடைசி ரெண்டு மாத்திரை வேண்டாம் தம்பி, சுகர் மாத்திரை மட்டும் குடு."

மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிற எனக்கு, மாதக் கடைசியில் தினமும் நாலைந்து பேராவது இதைச் சொல்லிவிடுவார்கள். சீட்டைப் பிரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டுவார்கள். மெட்ஃபார்மின் வேண்டும், கிளிமிபிரைடு வேண்டும். அட்டோர்வாஸ்டாடின், டெல்மிசார்டன் என்று எழுதியிருக்கும் வரிகளில் விரல் நிற்காது. "அது கொழுப்புக்குத்தானே, நான் எண்ணெய் சாமானே தொடறதில்ல" என்பார்கள். "எனக்கு பிரஷர் இப்ப நார்மல்" என்பார்கள்.

சர்க்கரை நோயாளிகள் செய்கிற தவறுகளில் பெரியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இனிப்பு சாப்பிடுவதைக்கூட அடுத்த இடத்தில்தான் வைப்பேன். சர்க்கரை நோய் உள்ளவர்களில் நிறையப் பேரின் உயிருக்கு உலை வைப்பது சர்க்கரையின் அளவு நேரடியாக அல்ல. அது வருஷக்கணக்கில் கெடுத்து வைக்கிற ரத்தக்குழாய்தான். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. குழாயின் உள்சுவர் சர்க்கரையால் புண்ணாகிறது, பிரஷர் அதை இடித்துக்கொண்டே இருக்கிறது, கெட்ட கொழுப்பு அந்தப் புண்ணில் போய்ப் படிகிறது. மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஒன்றை மட்டும் பிடித்து வைத்துவிட்டு மற்ற இரண்டையும் அவிழ்த்துவிட்டால் என்ன பயன்?

1998-ல் ஃபின்லாந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த, சர்க்கரை இல்லாத ஒருவருக்கு மறுபடி மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்போ, கிட்டத்தட்ட அதே அளவு வாய்ப்பு மாரடைப்பே வராத சர்க்கரை நோயாளிக்கும் இருந்தது. இது எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது, எத்தனை வருஷச் சர்க்கரை, கூட என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் டாக்டர்கள் சர்க்கரை நோயாளியைப் பார்க்கும் பார்வை அதற்குப் பிறகு மாறியது. உங்கள் சீட்டில் நீங்கள் கேட்காமலே கொழுப்பு மாத்திரை வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

அடுத்த தவறு ரிப்போர்ட்டில் நடக்கிறது. கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 98 என்று வந்திருக்கும். பக்கத்திலேயே '100-க்குக் கீழ்' என்று அச்சடித்திருப்பார்கள். "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அந்த அச்சடித்த எண் பொதுவானது. நாற்பது வயதைத் தாண்டி, சர்க்கரையோடு பிரஷரோ புகைப் பழக்கமோ உள்ளவருக்கு 70-க்குக் கீழே வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இன்னும் கீழே, 55. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பு அப்படியொன்றும் அதிகமில்லாத 2,800-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளில் ஒரு பாதிக்கு அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராமும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைவு. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இரண்டு வருஷம் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் சாமான் தொடாதவருக்கும் கொழுப்பு மாத்திரை எதற்கு என்பதற்கு இதுதான் பதில். ரத்தத்தில் இருக்கிற கொழுப்பில் பெரும்பங்கை நம் கல்லீரலே தயாரிக்கிறது. அந்த மாத்திரை வேலை செய்வது அங்கேதான்.

"அதைச் சாப்பிட்டா கை கால் வலிக்குது, கல்லீரல் போயிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை, வலி வந்தால் வலிதான். ஆனால் 2020-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்களுக்கு ஒரு மாதம் நிஜ மாத்திரை, ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை என்று, மாத்திரைகளில் எது நிஜம் எது வெற்று என்று சொல்லாமல், மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அதனால் வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், வேறு மாத்திரைக்கு மாற்றுவார். தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வந்து நிற்பதுதான் ஆபத்து.

பிரஷர் மாத்திரையின் கதை இன்னும் வருத்தமானது. மாத்திரை சாப்பிடுவதால் 130-க்கு வந்ததை, மாத்திரை இனித் தேவையில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1998-ல் வந்தது. ஒரு குழுவின் சராசரி பிரஷர் 154/87, இன்னொன்றுக்கு 144/82. மேல் எண்ணில் வெறும் பத்துதான் வித்தியாசம். அதற்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. இப்போது டாக்டர்கள் பெரும்பாலும் 130/80-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள்.

அளந்து பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. கடைக்கு வேகவேகமாக நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்வார்கள். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், கால் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும், பேச வேண்டாம், அரை மணிக்குள் காப்பி குடித்திருக்கக் கூடாது. இப்படி வீட்டில் நாலைந்து நாள் காலையும் மாலையும் எடுத்து எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அதைவிட உதவி வேறில்லை.

பிரஷரைப் பற்றிப் பேசும்போது முழங்கால் வலியைச் சொல்லாமல் விட முடியாது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைச் சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாகக் கேட்கிறார்கள். இவை உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும், இதயத்துக்குச் சுமை கூட்டும். பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகம் சட்டென்று கெடலாம். சர்க்கரை உள்ளவர் என்று தெரிந்தால் நான் கொடுப்பதில்லை. "அப்ப பக்கத்துக் கடையில வாங்கிக்கறேன்" என்று கோபித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

இனி வாத்தியார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், பதினாலு வருஷமாகச் சர்க்கரை. மார்கழி மாதம் ஒரு காலை, ஏழரை மணிக்கு ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. "ஒரு கேஸ் மாத்திரை குடு தம்பி, ராத்திரி தின்ன பரோட்டா ஒத்துக்கல" என்று வந்து நின்றார். அவருடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது. அந்தக் குளிரில்.

"நெஞ்சு வலிக்குதா சார்?"

"வலியெல்லாம் இல்லப்பா. தாடைகிட்ட ஒரு மாதிரி இழுக்குது. படி ஏறினா மூச்சு வாங்குது. வாயுதான்."

கேஸ் மாத்திரை கொடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு 108-க்குப் போன் செய்தேன். அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு. ராத்திரியே தொடங்கியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தின் பம்ப் பலம் குறைந்துவிட்டது. முந்தைய ஒரு வருஷமும் அவர் சீட்டிலிருந்து கொழுப்பு மாத்திரையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக் கொடுத்தவன் நான். அவர் வேண்டாம் என்றார், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது யார் வேண்டாம் என்றாலும் கேட்கிறேன்.

நீண்ட நாள் சர்க்கரை, காலில் முள் குத்தினால்கூடத் தெரியாத அளவுக்கு நரம்பைக் கெடுக்கிறது இல்லையா? அதே கேடு இதயத்திலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளுக்கும் வரலாம். அதனால் சினிமாவில் பார்ப்பதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலியை எதிர்பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சுத் திணறல், தாடையிலோ தோளிலோ முதுகிலோ இழுப்பு, வாந்தி வருவது போன்ற உணர்வு, இதுவரை இல்லாத அசதி, இவற்றில் எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். பெண்களுக்கு இப்படி வருவது இன்னும் அதிகம். அடுப்படி வேலை அலுப்பு என்று அவர்களே சொல்லிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

வியர்த்தால் 'லோ சுகர்' என்று ஒரு வாய் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு தூங்கப் போவதும் நடக்கிறது. வீட்டில் மெஷின் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். சுகர் சரியாக இருந்து வியர்வை நிற்கவில்லை என்றால் அது இதயமாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கத் தரும் மாத்திரையை வாங்கி வைக்காதீர்கள், பிரஷர் சரிந்து மயங்கி விழலாம். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் அவசர அளவில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பிரின் என்றதும் இன்னொன்று. "ரத்தம் உறையாம இருக்க தினம் ஒண்ணு போட்டுக்கறேன்" என்று தாமாகவே வாங்குகிறவர்கள் உண்டு. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது அவசியம். ஒன்றும் வராதவருக்குக் கணக்கு வேறு. 15,480 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 12 சதவீதம் குறைத்தது, பெரிய ரத்தக்கசிவை 29 சதவீதம் கூட்டியது. டாக்டர் சொல்லாமல் தொடங்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

சுகரை எவ்வளவு இறக்கினாலும் நல்லது என்ற நினைப்பும் தவறு. ரிப்போர்ட்டில் HbA1c என்று இருக்கும் மூன்று மாத சராசரியை 6 சதவீதத்துக்கும் கீழே இறக்க முயன்ற அமெரிக்க ஆய்வு ஒன்றை 2008-ல் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது, அப்படி இறக்க முயன்ற குழுவில்தான் சாவு அதிகம். பெரும்பாலோருக்கு 7-ஐ ஒட்டி இருந்தால் போதும். வயதானவருக்கு, அடிக்கடி லோ சுகர் ஆகிறவருக்கு இன்னும் கொஞ்சம் தளர்த்துவார்கள். டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல ரிப்போர்ட் வாங்குவதால் மூன்று மாத சராசரி ஏமாறாது.

பழைய சீட்டையே ஐந்தாறு வருஷம் காட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: ஒருமுறை டாக்டரைப் பாருங்கள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, ஏற்கெனவே இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளில் இதயத்தால் வரும் மரணத்தை 38 சதவீதம் குறைத்தது என்று 2015-ல் தெரிந்தது. அதுவரை சர்க்கரை மாத்திரையிடம் யாரும் இதை எதிர்பார்த்ததில்லை. விலை அதிகம் என்று அப்போது எழுத யோசித்தார்கள். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை பல மடங்கு இறங்கிவிட்டது. எல்லாருக்கும் ஏற்றதல்ல, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், வாந்தி பேதி சமயத்திலும் ஆபரேஷனுக்கு முன்னும் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் "எனக்கு இது சரிவருமா" என்று கேட்கலாம் அல்லவா? அப்படியே சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் கேளுங்கள். அது கூடியிருந்தால் சிறுநீரகத்தோடு இதயத்துக்கும் எச்சரிக்கை.

பீடி, சிகரெட் பற்றித் தனியே எழுதவில்லை. அதை விடாமல் மேலே சொன்ன எதையும் பேசிப் பயனில்லை.

சீட்டை வெட்டுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பணம்தான், எனக்குத் தெரியும். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வருகிற முகங்களைப் பார்த்தாலே தெரியும். அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது, அதனால் "அது வேண்டாம்" என்கிறார்கள். மாத்திரையை விடாதீர்கள், கடையை மாற்றுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் இலவசம். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முதல்வர் மருந்தகத்திலும் ஜன் ஔஷதியிலும் அதே மருந்து வேறு பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் காட்டினால் போதும். படிக்க முடியாவிட்டால் எந்த மருந்துக் கடையிலும் கேளுங்கள், ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதித் தருவார்கள். நான் எழுதித் தருகிறேன்.