மூச்சின் தாளத்தை வீட்டிலேயே கவனித்துக் குறிப்பெடுப்பது எப்படி?

உங்கள் மூச்சை நீங்களே எண்ணத் தொடங்கினால், அது உடனே மாறிவிடும். சற்று ஆழமாகும், இடைவெளியும் நீளும். இது எண்ணுபவரின் தவறன்று. ஒரே உதரவிதானத்தைப் பெருமூளையிலிருந்து வரும் விருப்பக் கட்டளையும், மூளைத்தண்டில் தானாக எழும் தாளமும் இயக்குகின்றன. அந்தத் தாளத்தை மட்டும் பார்க்க விரும்புபவர், விருப்பத்தைக் கொஞ்ச நேரம் விலக்கி வைக்க வழி தேட வேண்டும்.

வீட்டில் அதற்கு எளிய வழி, செவிலியர்கள் அன்றாடம் கையாளும் முறைதான். வீட்டில் ஒருவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, நாடி பார்ப்பது போல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பார்வையை அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானில் நிறுத்துங்கள். பொத்தான் ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அறுபது விநாடியும் முழுமையாக எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சைத் தவறவிட்டாலே விடையில் நான்கு குறைந்துவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்குப் பொதுவாக 12 முதல் 20 வரை வரும். பிறகு செய்ததைச் சொல்லிவிட்டு, அவரையே தன் மூச்சை எண்ணச் சொல்லி, இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள்.

இதே சிக்கலை ஆய்வுக்கூடத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து நரம்பியல் அறிஞர் ஜாக் ஃபெல்ட்மேனும் அவருடைய சகாக்களும் தீர்த்த விதம் வியக்கத்தக்கது. சுவாச மையம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் இருப்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். ஆனால் தாளம் அதற்குள் எந்த இடத்தில் பிறக்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. பிறந்த சில நாள்களே ஆன எலிகளின் மூளைத்தண்டைத் தனியே எடுத்து, உயிர்ப்போடு வைத்திருக்கும் கரைசலில் இட்டு, மேலிருந்தும் கீழிருந்தும் சிறிது சிறிதாகச் சீவிக்கொண்டே வந்தார்கள். பெருமூளையும் நுரையீரலும் இல்லாத அந்த நிலையிலும், நாக்கிற்குச் செல்லும் பன்னிரண்டாம் மூளை நரம்பின் வேரில் மூச்சின் தாளம் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சீவியதும் நின்றது. அப்பகுதி அடங்கிய, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள சீவலில் மட்டும் தொடர்ந்தது. 1991-இல் வெளியான அந்த ஆய்வு, பிரீ-போட்சிங்கர் தொகுதி என்னும் சிறிய நரம்பணுக் கூட்டத்தை மூச்சுத் தாளத்தின் பிறப்பிடமாகக் காட்டியது. (பெயர், ஜெர்மனியில் நடந்த ஒரு கருத்தரங்கில் பரிமாறப்பட்ட ஒயினிலிருந்து வந்தது.) சட்டைப் பொத்தானைப் பார்த்து நீங்கள் எண்ணியது அந்தக் கூட்டத்தின் வேலையைத்தான்.

அடுத்து, இந்தத் தாளத்தின் மீது விருப்பத்திற்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று பார்க்கலாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தீர்கள் என்பது இங்கே முக்கியமில்லை. வயிற்றிலோ தொண்டையிலோ உங்களைக் கேட்காமல் எழும் முதல் துடிப்பு எத்தனையாவது விநாடியில் வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு உடனே மூச்சு விடுங்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியிருந்தால், ஆரோக்கியமானவருக்கு அந்த நேரத்தில் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் இறங்கியிருக்காது. ஏனெனில் முதலில் நெருக்குவது ஆக்சிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. இதன் முதன்மையை உடலியல் அறிஞர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இலேயே காட்டினார்கள். அந்த உயர்வை முகுளத்தின் உணரிகளும் கழுத்துத் தமனியருகே உள்ள சிற்றுறுப்புகளும் அறிந்து தாளத்தை விரட்டுகின்றன. கழுத்துத் தமனியும் பெருந்தமனியும் சுவாசத்தை ஒழுங்குபடுத்துவதில் ஆற்றும் பங்கைக் கண்டறிந்ததற்காகவே பெல்ஜியத்தின் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஒன்றை மிகுந்த அக்கறையுடன் சொல்கிறேன்: மூச்சை அடக்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள், இச்சோதனையைக் கிணற்றிலோ குளத்திலோ நீச்சல் குளத்திலோ செய்யவே கூடாது. வேகமான சுவாசம் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடுவதால் எச்சரிக்கை தாமதமாகும். துடிப்பு வருமுன்பே ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பலாம், தண்ணீருக்குள் அது மரணம். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மூச்சடக்கும் பகுதியை விட்டுவிடட்டும்.

கடைசிக் குறிப்பைத் தூங்குபவர் அருகில் அமர்ந்து எடுக்கலாம். சீரான மூச்சுகளுக்கிடையே, உள்ளிழுப்பின் மேல் இன்னொரு உள்ளிழுப்பு ஏறியது போல ஒரு பெருமூச்சு வரும். அதன் நேரத்தை எழுதுங்கள். சுருங்கிப்போன நுண்காற்றறைகளை மீண்டும் விரியச் செய்வது அதன் வேலை. மனிதருக்கு மணிக்குச் சுமார் பன்னிரண்டு முறை வருவதாகக் கணக்கு. 2016-இல் ஃபெல்ட்மேனும் ஸ்டான்ஃபோர்டின் மார்க் கிராஸ்னோவும் அடங்கிய குழு, பெருமூச்சுக்கான செய்தியை இரண்டு பெப்டைடுகள் (புரதத்தைப் போன்ற சிறு மூலக்கூறுகள்) வழியாக அதே பிரீ-போட்சிங்கர் தொகுதிக்குக் கொண்டுசெல்லும் நரம்பணுக்களை எலி, சுண்டெலிகளிடம் கண்டறிந்தது. இரு செய்திகளையும் தடுத்தபோது இயல்பான மூச்சு தொடர்ந்தது, பெருமூச்சு மட்டும் நின்றது. உங்கள் குறிப்பேட்டில் ஒரு பெருமூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நிமிடம் என்று ஒரு மணி நேரம் எழுதிப் பாருங்கள். கனவு காணும் உறக்கத்தில் மூச்சே ஒழுங்கற்றுப் போகும் என்பதால், மூடிய இமைகளுக்குள் விழி அசையும் நேரங்களை மட்டும் தனியே குறியிட்டு வையுங்கள்.