ரெட் அலர்ட் மீம் போடுவதற்கு முன்

"ரெட் அலர்ட்னாங்க, மாயவரத்துல சுள்ளுனு வெயில்!" என்று கமெண்ட் போடுவதற்கு முன் அறிவிப்பின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மாலை ஆறு மணிக்கே தீர்ப்பு எழுதினால், இன்னும் பதினாலரை மணி நேரம் பாக்கி இருக்கிறது.

அடுத்து, 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானிகளில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவு. வேதாரண்யத்தில் கொட்டி, கீழ்வேளூரில் தூறலோடு நின்றாலும் அறிவிப்பு பொய்யாகாது. கனமழை 7–11 செ.மீ., மிக கனமழை 12–20, அதற்கு மேல் அதிகனமழை.

நீங்களே அளந்துவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது. நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பா போதும். வாளி வேண்டவே வேண்டாம். வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் அளவைக் கூட்டிக் காட்டும். தென்னை எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தரையில் விழுந்து தெறிக்கும் நீர் உள்ளே போகாதபடி விளிம்பு ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். காலை 8.30-க்கு ஸ்கேலை நேராக இறக்குங்கள். பல ஸ்கேல்களில் பூஜ்ஜியத்துக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் உண்டு. அதையும் கூட்டினால்தான் கணக்கு சரியாகும்.

ஒரு செ.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர். அதனால் கமெண்டில் ஊர், தேதி, செ.மீ. மூன்றையும் எழுதுங்கள். சம்பா வயலில் வடிகால் வெட்டுவதா என்று யோசிப்பவருக்கு அது உதவும்.