ஆன்லைன் கடைக்குத் தளம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் மாதக் கட்டணம் எவ்வளவு, டெம்ப்ளேட் அழகாக இருக்கிறதா என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துப் பேப்பரில் கணக்குப் போடுங்கள்.

வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறீர்கள், 500 ரூபாய்க்கு ஓர் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணத்துக்குக் கடை அமைத்துத் தரும் தளமான ஷாப்பிஃபையை எடுத்துக்கொண்டால், அதன் சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் கிடையாது, அதனால் ரேசர்பே மாதிரி வேறொரு கேட்வேயை, அதாவது வாடிக்கையாளரின் பணத்தை ஆன்லைனில் வாங்கித் தரும் சேவையை, இணைத்தாக வேண்டும். கேட்வே 2 சதவீதம் எடுத்தால் 10 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1.80. வெளி கேட்வே பயன்படுத்துவதற்காக ஷாப்பிஃபை தன் பேசிக் திட்டத்தில் தனியாக 2 சதவீதம் பிடிக்கும், அது இன்னொரு 10. ஆக மாதக் கட்டணத்தைச் சேர்க்காமலே 22 ரூபாய்க்குப் பக்கத்தில் போய்விடுகிறது. லாபம் குறைவான பொருளுக்கு இது பெரிய தொகை.

சரி, இலவசம் என்று வூகாமர்ஸ் பக்கம் போனால்? அது வேர்ட்பிரஸ் தளத்தில் கடை வசதியைச் சேர்க்கும் செருகுநிரல் (பிளகின்), அது இலவசம்தான். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில். அதையெல்லாம் பார்க்க ஆள் இருந்தால் அது நல்ல தேர்வு, இல்லையென்றால் தீபாவளி நேரத்தில் தளம் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று இப்போதே யோசியுங்கள்.

அதிகம் பேர் கோட்டை விடுவது கூரியரில்தான். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 30க்கு 25க்கு 20 பெட்டியில் ஒரு கிலோ முறுக்கை வைத்தால் 3 கிலோவுக்குப் பில் வரும்! பொருளின் எடையை மட்டும் வைத்து டெலிவரி கட்டணம் போடும் தளமாக இருந்தால், மீதி இரண்டு கிலோவின் காசு உங்கள் கையிலிருந்துதான் போகும். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்பினால் போக வர இரண்டு செலவும் உங்களுக்கே, அதனால் குறிப்பிட்ட பின்கோடுகளுக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

பின்கோடு வசதி வேறொன்றுக்கும் வேண்டும். கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர், தளம் இந்தியா முழுக்க ஆர்டர் வாங்கும்படி விட்டுவிட்டால், பெங்களூரிலிருந்து வரும் முதல் ஆர்டரிலேயே சிக்கல்.

அப்புறம், டொமைனை, அதாவது உங்கள் கடையின் இணைய முகவரியை, டெவலப்பர் பெயரில் வாங்க விடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டால் கடையின் பெயர்ப்பலகையே அவர் கணக்கில் மாட்டிக்கொள்ளும். உங்கள் மெயில், உங்கள் கார்டு, உங்கள் பெயர். வாடிக்கையாளர் பட்டியலையும் பழைய ஆர்டர்களையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்பதை, பணம் கட்டும் முன், ட்ரையல் கணக்கிலேயே இறக்கிப் பார்த்துவிடுங்கள்.