ஒட்டுப்பால் காசில் அடைந்த வீட்டுக் கடன்: 20 வருடத் தவணையை முன்கூட்டியே முடிக்கும் வழி

குமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஏழு சென்ட் நிலத்தில் 2014-ல் வீடு கட்டினோம். வார்ப்பு முடிந்து, பால்காய்ச்சும் நடந்து, உறவினர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு எங்களோடு மிச்சம் இருந்தது 12 லட்ச ரூபாய் வங்கிக் கடன். இருபது வருடத் தவணை. அதை 2025-ல், பதினோராவது வருடத்தில் முடித்துவிட்டோம்.

எங்களுக்குப் பெரிய சம்பளம் கிடையாது. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பிளம்பிங் வேலைக்குப் போகிறார். அவர் பங்குக்கு வந்த ஐம்பது சென்ட் ரப்பர் இருக்கிறது. வெளிநாட்டில் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், "கல்ஃப் காசு இருந்தால்தான் கடன் சீக்கிரம் அடையும்" என்று நம் மாவட்டத்தில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எப்படிச் செய்தோம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தவணை அட்டவணையை வாங்கிப் படியுங்கள்

வங்கியில் கேட்டோ செயலியில் இருந்தோ உங்கள் கடன் ஸ்டேட்மென்ட்டையும் தவணை அட்டவணையையும் எடுங்கள். ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று அதில் பிரித்துப் போட்டிருக்கும். கடன் வாங்கி மூன்று வருடம் வரை நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. அந்த மூன்று வருடம்தான் எங்களுக்கு அதிக நஷ்டம்.

ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 3,189 ரூபாய்தான். ஒரு வருடம் முழுக்க 2,08,272 ரூபாய் கட்டிய பிறகு அசலில் குறைந்திருப்பது 40 ஆயிரம்கூட இல்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால், வாங்கிய 20 லட்சத்தை விடவும் அதிகமாக, 20.8 லட்சம் கட்டியிருப்போம். அப்போதும் பாக்கி 14 லட்சம் நிற்கும்.

வங்கி ஏமாற்றுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வட்டி எப்போதும் நிற்கும் அசலுக்குத்தான் போடப்படும். ஆரம்பத்தில் அசல் பெரிது, அதனால் வட்டியும் பெரிது. தவணைக்கு மேல் நாம் கூடுதலாகக் கட்டும் பணமோ முழுக்க முழுக்க அசலில் போய்ச் சேரும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதே கடனில் மாதம் 1,000 ரூபாய் மட்டும் கூடுதலாகக் கட்டினால் ஏறக்குறைய இரண்டரை வருடம் குறையும். 3,000 ரூபாய் கட்டினால் 14 வருடம் ஒரு மாதத்தில் கடன் முடிந்துவிடும். வட்டியில் மட்டும் 7.3 லட்சம் மிஞ்சும்.

எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். முதல் வருடம் முடிந்ததும் மொத்தமாக ஒரு லட்சம் கட்டினால் 26 தவணைகள் குறையும். அதே ஒரு லட்சத்தைப் பத்தாவது வருட முடிவில் கட்டினால் 13 தவணைதான். "பிள்ளைகள் வளரட்டும், கை கொஞ்சம் இளகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவதன் விலை இது. சிறிய தொகையானாலும் இப்போதே தொடங்குங்கள்.

படி 2: வீட்டுக் கடனுக்கு முன் அடைக்க வேண்டியவை

கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன், குழுக் கடன், வட்டிக்கு வாங்கிய கைமாற்று ஆகியவற்றை முதலில் முடியுங்கள். கிரெடிட் கார்டில் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு 8.5 சதவீத வீட்டுக் கடனைக் குறைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. நகைக்கடனின் வட்டியையும் வீட்டுக் கடன் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில்.

கூடவே, நான்கு மாதத் தவணையும் நான்கு மாத வீட்டுச் செலவும் சேர்ந்த தொகை ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வங்கியில் கட்டிய பணத்தை, ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது என்று திரும்பக் கேட்க முடியாது.

படி 3: நம் ஊர் மாதங்களை வைத்துக் கணக்கு எழுதுங்கள்

பட்ஜெட் என்றால் மாதச் சம்பளத்தைப் பிரிப்பது என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள். குமரி மாவட்டத்தில் பாதி வீடுகளுக்கு அது பொருந்தாது. இங்கே வருமானம் மழையையும் கடலையும் பார்த்து வருவது.

எங்களுக்கு ரப்பர். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது பால்வெட்டு நிற்கும். தென்மேற்குப் பருவமழையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழையில் மறுமுறை என்று மழை நாட்களில் வெட்டு தடைப்படும். மீன்பிடிக் குடும்பங்களுக்குத் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகாது. கட்டட வேலைக்காரர்களுக்கும் மழை மாதங்கள் சிரமம்தான். அந்த நேரம் பார்த்துத்தான் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பிறகு ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ். இடையில் கோயில் கொடை, புதுநன்மை, கல்யாண வீடுகள்.

அதனால் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாளை எடுங்கள். வரவு குறையும் மாதங்களை ஒரு நிறத்திலும், செலவு கூடும் மாதங்களை இன்னொரு நிறத்திலும் வட்டமிடுங்கள். எங்கள் தாளில் ஜூனில் இரண்டு நிறமும் விழுந்தது. எங்களுக்கு வருடா வருடம் நகை அடகு போனது எதனால் என்று அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. வரவு நன்றாக இருக்கும் டிசம்பர், ஜனவரியிலேயே ஜூன் மாதத்துக்கான பணத்தை எடுத்து வைக்க ஆரம்பித்தோம். இரண்டாவது வருடத்தில் இருந்து அடகுக்கடைக்குப் போகவில்லை.

அப்புறம் மூன்று மாதம் அன்றன்றைய செலவை எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் போதும். எதையும் குறைக்க முயலாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். நான் எழுதியபோது மூன்று விஷயம் தெரிந்தது. தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போதும் நாங்கள் அதே நெய்மீனைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். மார்த்தாண்டத்துக்கு ஒரு சாமானுக்காகப் போய் நாலு சாமானோடு வந்துகொண்டிருந்தோம். பார்க்காத சானலுக்கும் பயன்படுத்தாத டேட்டாவுக்கும் மாதா மாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. தடைக்காலத்தில் கருவாடும், வீட்டு முற்றத்து மரச்சீனியும் முருங்கையும் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. தேங்காயை விற்றுவிட்டு எண்ணெயைக் கடையில் வாங்குவதை நிறுத்தி, கொப்பரையை மில்லில் கொடுத்து ஆட்டினோம். இவற்றில் மட்டும் மாதம் 1,800 ரூபாய் மிஞ்சியது. பிள்ளைகளின் பாலிலும் பழத்திலும் கை வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

கல்யாண வீட்டுச் செலவை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் அது உறவு. வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்து, அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதா மாதம் ஒதுக்கிவிடுங்கள்.

படி 4: கடனுக்கென்று ஒரு வரவை ஒதுக்குங்கள்

எங்கள் கடன் அடைந்ததற்குக் காரணமான படி இதுதான். இந்த யோசனை என் மாமியுடையது.

ரப்பர் ஷீட் விற்ற காசு வீட்டுச் செலவுக்கு. சிரட்டையிலும் வெட்டுப் பட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சேர்த்து விற்ற காசு தனியாக ஒரு டப்பாவுக்கு. மாமி அந்தக் காலத்தில் அப்படிச் சேர்த்துத்தான் மகளுக்கு வளையல் எடுத்தாராம். "அது இல்லை என்று நினைத்துக்கொண்டு குடும்பம் நடத்து" என்றார். நாங்கள் அந்த ஒட்டுப்பால் காசைக் கடனுக்கு என்று வைத்தோம். கூடவே சம்பளம் வந்த மறுநாளே என் கணக்கில் இருந்து 2,000 ரூபாய் தானாக வேறொரு கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்தேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வாங்கவில்லை. மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்று முதலில் ஒரு வருடம் முயன்று பார்த்தோம். எந்த மாதமும் மிஞ்சவில்லை.

உங்கள் வீட்டில் ஒட்டுப்பால் இருக்காது. ஆனால் அதைப் போல ஓரமாக வரும் ஒரு வரவு இருக்கும். தேங்காய் வெட்டு, ஏத்தன் குலை, மாடி வாடகை, ஓவர்டைம், தையல் கூலி, போனஸ் என்று ஏதோ ஒன்று. அதற்கு அன்றே பெயர் வைத்துவிடுங்கள்.

சீட்டுப் போட்டுச் சேர்ப்பவர்கள் பதிவு பெற்ற நிறுவனத்தில் மட்டும் சேருங்கள். ஆரம்பத்திலேயே அதிகத் தள்ளுபடிக்கு ஏலம் எடுத்து வீட்டுக் கடனைக் கட்டுவதில் லாபம் இல்லை.

படி 5: கட்டும்போது எழுதிக் கொடுங்கள்

கூடுதல் பணத்தைக் கடன் கணக்கில் போட்டால் மட்டும் போதாது. சில வங்கிகளில் அது அடுத்த தவணைக்கான முன்பணமாக நின்றுவிடும். முதல் தடவை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. 25 ஆயிரம் கட்டியும் இரண்டு மாதம் அசல் குறையவில்லை.

ஒரு கடிதம் எழுதுங்கள். கடன் எண், தேதி, தொகை போட்டு, "இதை அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்" என்று தெளிவாக எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்பதில் வித்தியாசம் பெரிது. முதல் வருட முடிவில் கட்டுவதாக மேலே சொன்ன ஒரு லட்சத்தில், காலத்தைக் குறைத்தால் மிஞ்சும் வட்டி சுமார் 3.5 லட்சம். தவணையைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் குறையும், கடைசி வரைக்கும் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு லட்சம்தான். வேலை நிச்சயமில்லாதவர்கள் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. மற்றவர்கள் காலத்தையே குறையுங்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே முடித்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

படி 6: வருடம் ஒருமுறை வட்டியைப் பாருங்கள்

2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4-ல் இருந்து 6.5 சதவீதமாக ஏறியது. என் தம்பி 2021-ல் கடன் வாங்கியவன். தவணை பெரிதாக ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்தான். ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால், 2041-ல் முடிய வேண்டிய கடன் 2050-ஐத் தாண்டிப் போயிருந்தது. அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி ஏறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும். நீங்களும் போய்க் கேளுங்கள்.

பழைய கடன் என்றால் ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றச் சொல்லலாம். அதற்குச் சிறிய கட்டணம் இருக்கும். மேலே சொன்ன 20 லட்சத்தில் வட்டி அரை சதவீதம் குறைந்து, தவணையை மட்டும் பழையபடியே கட்டி வந்தால் 20 மாதம் குறையும்.

"வரிச்சலுகை போய்விடுமே" என்று கேட்பார்கள். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது கிடையாது. இருபது சதவீத வரி கட்டுபவருக்குக்கூட, ஒரு லட்சம் வட்டி கட்டினால் திரும்பக் கிடைப்பது சுமார் 20 ஆயிரம்தான். மீதி 80 ஆயிரம் கையை விட்டுப் போனதுதான்.

படி 7: முடிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை

கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி.

இதோடு வேலை முடியாது. கடன் தரும்போது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். எம்ஓடி என்பார்கள். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் அங்கே பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு நிலம் எழுதிவைக்கும்போது திண்டாடுகிறார்கள். பதிந்த பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் ரசீதில் சர்வே எண்ணின் உட்பிரிவு மாறி விழுந்திருந்தது. திருத்தி வாங்க இரண்டு தடவை அலைந்தோம். பத்திரத்தையும் ரசீது வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்வே எண், உட்பிரிவு, சென்ட் அளவு, நான்கு எல்லை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று விரலை வைத்துப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.