மசாய் மாராவில் வேலையா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

சஃபாரி லாட்ஜ்களில் சோலார் இன்வெர்ட்டர், பேட்டரி பராமரிப்பதுதான் என் வேலை. அப்படிக் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக இது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து போகும் குட்டி விமானத்தில் கைப்பையையும் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான். அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். ஸ்பானர், கேபிள் எல்லாவற்றையும் நாரோக் ஊர் வழியாக லாட்ஜின் சரக்கு வண்டியில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பாலித்தீன் பைக்கு 2017 முதல் தடை. ஸ்க்ரூ, நட்டு எல்லாம் டப்பாவில் போகட்டும். கம்பெனிச் சீருடை கருநீலமா? மாற்றிக்கொள்ளுங்கள். ரத்தம் குடிக்கும் செட்சி ஈக்கு அந்த நிறம் ரொம்பப் பிடிக்கும், சட்டைக்கு மேலேயே கடிக்கும்.

மின்சாரத்தை நிறுத்தச் சரியான நேரம் காலை ஆறு மணிக்கு மேல். விருந்தினர்கள் சிங்கம் பார்க்க ஜீப்பில் போயிருப்பார்கள். ஆனால் மேலாளரிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். சமையலறை ஃப்ரீசர் அவர் கவலை.

பல லாட்ஜ்களுக்கு வேலியே கிடையாது. ராத்திரி நீர்யானை புல் மேய ஆற்றைவிட்டு ஏறி வரும். பேட்டரி அறையில் அலாரம் அடித்தாலும் தனியாக ஓடாதீர்கள். ரேடியோவில் காவலாளியைக் கூப்பிட்டு, அவர் டார்ச்சோடு வந்த பிறகே கதவைத் திறங்கள்.

சாப்பாடா? பணியாளர் சமையலறையில் உகாலியும் (சோளமாவுக் களி) கீரைப் பொரியலும் கிடைக்கும். கேட்டால் சப்பாத்தியும் போடுவார்கள். ஊறுகாய் மட்டும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.