கப்பல் மாலை 5 மணிக்கு என்றால் விமானம் எப்போது இறங்க வேண்டும்?

ரோமிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல் பயணம். புறப்பாடு மாலை 5 மணி. அன்று காலை 11 மணிக்கு இறங்கும் விமானத்தில் எங்களுக்கு டிக்கெட் இருந்தது. பிறகு விமான நிறுவனம் நேரத்தை மாற்றி, பகல் 1 மணிக்கு இறங்கும் என்று மின்னஞ்சல் அனுப்பியது. உடனே ஒரு தாளை எடுத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டேன்.

5 மணி என்பது கப்பல் நகரும் நேரம். செக்-இன் அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆக, 3.30க்குள் துறைமுகத்தில் நிற்க வேண்டும். விளம்பரத்தில் ரோம் என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவித்தாவேக்கியா என்ற துறைமுக நகரில். நாங்கள் இறங்கும் ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல், காரில் ஒரு மணி நேரம். குடியேற்ற வரிசைக்கும் பெட்டி வருவதற்கும் ஒன்றரை மணி. கூட்டிப் பார்த்தால் சரியாக 3.30! விமானம் பத்து நிமிடம் தாமதித்தாலும் போச்சு.

விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். நேரத்தை மாற்றியது அவர்கள்தான் என்பதால், கூடுதல் கட்டணமில்லாமல் முந்தைய நாள் விமானத்துக்கு மாற்றித் தந்தார்கள். இதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகத் தர மாட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இரவு அறை எடுத்தோம். பெட்டி தாமதமானாலும் வந்து சேர அவகாசம் கிடைத்தது.

விமானமும் கப்பலும் தனித்தனி முன்பதிவாக இருந்தால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறுவதென்றால் செலவு நம்முடையது, விசாவும் பொருந்த வேண்டும். கப்பலிலிருந்து இறங்கி விமான நிலையம் போகவும் நேரம் வேண்டுமே என்று, திரும்பும் நாளில் விமானத்தை மதியத்துக்குப் பிறகே போட்டேன்.